'டேக்' என்னும் வினைச்சொல்: பொருளும் பிறப்பும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் 'டேக்' என்றால் என்ன என்று தரம் 6 இல் கேட்டாலும் தரம் 11 இல் கேட்டாலும் ஒரே விடைதான் வருகிறது: "எடு, டீச்சர்." விடை சரிதான். ஆனால் அந்த ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையின் அரைப் பக்கத்தைக்கூட வாசித்து முடிக்க முடியாது. மருந்துக்கும் 'டேக்' வருகிறது, பஸ்ஸுக்கும் வருகிறது, நேரத்துக்கும் வருகிறது. விமானம் புறப்பட்டாலும் 'டேக்', விழா நடந்தாலும் 'டேக்'. எல்லா இடத்திலும் 'எடு' என்று போட்டுப் பாருங்கள், வசனம் தடுமாறும்.

இந்த ஒரு வினைச்சொல்லை எடுத்து, அதன் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மாணவிகள் அவற்றைத் தங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் பாடத்தின் ஒரு பகுதியே.

அகராதி தரும் பாடம்

என் ஊர் அளவெட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமம் வடக்கில் உள்ள செம்மண் ஊர். அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை ஆகிய ஊர்கள் தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று நெருங்கிப் பார்த்த இடங்கள். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் அங்கே வந்து சேர்ந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டை செமினறியும் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கப்பட்டன. 1842 இல் மானிப்பாய் அகராதி என்று நாம் அழைக்கும் தமிழ் அகராதி வெளிவந்தது. உடுவிலில் பணியாற்றிய வின்ஸ்லோ பின்னர் சென்னைக்குச் சென்று, 1862 இல் 67,000 இற்கும் மேற்பட்ட சொற்களுடன் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். அதற்கான சொற்சேகரிப்பு யாழ்ப்பாணத்தில் நைற் என்ற மிஷனரியால் தொடங்கப்பட்டது. அவர்களுக்குத் துணைநின்றவர்கள் தமிழ்ப் பண்டிதர்கள்.

அந்த அகராதியில் ஒரு வினைச்சொல்லைத் தேடிப் பார்ப்பவர்கள் இரண்டு விடயங்களைக் காண்பார்கள். ஒன்று, வினையடியோடு அதன் கால வடிவங்களும் தரப்பட்டிருக்கும். மற்றொன்று, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே பொருள் நிற்பது அரிது. வரிசையாகப் பல பொருள்கள் நிற்கும். நம் கொப்பிகளிலோ இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நடுவே ஒரு கோடு. பெயர்ச்சொல்லுக்கு இது ஓரளவு பொருந்தும். 'புக்' என்றால் புத்தகம், 'ட்ரீ' என்றால் மரம். வினைச்சொல்லுக்கு, அதிலும் நாளும் பொழுதும் வழங்கும் வினைச்சொல்லுக்கு, இந்தக் கோடு போதாது.

நம் 'எடு'வையே பாருங்கள்

ஆங்கிலத்தைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுப் பேச்சைக் கவனிப்போம். பசி எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது. தையல்காரர் அளவு எடுக்கிறார். மகள் நல்ல பெயர் எடுக்கிறாள். ஊர் கூடி விழா எடுக்கிறது. இவற்றில் எதிலாவது ஒரு பொருளைக் கையால் தூக்குகிறோமா? இல்லை. அடுத்து நிற்கும் சொல்தான் 'எடு'வுக்குப் பொருள் கொடுக்கிறது.

உங்கள் வீடுகளில் தொழுகைக்கு முன் 'வுழூ எடு' என்கிறீர்கள். றமழானில் 'நோன்பு பிடி' என்கிறீர்கள்; மஃரிபில் 'நோன்பு திற' என்கிறீர்கள். நோன்பைப் பிடிப்பதற்கு அதற்குக் கை கால் இல்லை. திறப்பதற்குக் கதவும் இல்லை. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்குகிறது. ஆங்கிலத்தில் நோன்பைக் 'கீப்' பண்ணுவார்கள், அதாவது வைத்திருப்பார்கள். முடிக்கும்போது 'ப்ரேக்' பண்ணுவார்கள், அதாவது உடைப்பார்கள். நாம் திறப்பதை அவர்கள் உடைக்கிறார்கள். இதில் எது சரி, எது பிழை என்று எவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு மொழியும் தன் வினையைத் தன் வழக்கப்படி துணைச்சொல்லோடு சேர்க்கிறது. ஆகவே ஒரு வினையைக் கற்பது என்றால் அது எந்தெந்தச் சொற்களோடு சேரும் என்று கற்பதுதான்.

'டேக்' எங்கிருந்து வந்தது?

இவ்வளவு சாதாரணமான சொல் ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அது வந்து குடியேறிய சொல். பழைய ஆங்கிலத்தில் 'எடு' என்பதற்கு வழங்கிய வினை 'நிமான்'.

793 இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கடல்வழியாக வந்த வைக்கிங்குகள் தாக்கினார்கள். கொள்ளையிட வந்தவர்களின் வழிவந்தோர் ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழுது வாழத் தொடங்கினார்கள். 1016 இல் டென்மார்க் அரச குடும்பத்தைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்து முழுவதற்கும் அரசனானான். இவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'எடு' என்பது 'தாகா'. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கில எழுத்துக்களில் இந்தச் சொல் தென்படுகிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்ல 'நிமான்' இருந்த இடத்தில் அமர்ந்துகொண்டது.

'நிமான்' முற்றாக அழிந்துவிடவில்லை. குளிரில் கை விறைத்தால் ஆங்கிலத்தில் 'நம்' என்பார்கள். அது 'நிமான்' என்ற வினையிலிருந்து வந்த எச்சம். 'எடுக்கப்பட்டது' என்பதே அதன் பழைய பொருள். உணர்வு எடுக்கப்பட்டுவிட்ட கை! அதன் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' என்ற எழுத்து பிற்காலத்தில் சேர்ந்தது. சுறுசுறுப்பானவரைக் குறிக்கும் 'நிம்பிள்' என்ற சொல்லும் அதே குடும்பம். சட்டென்று எடுக்கவோ பிடிக்கவோ வல்லவர் என்பது அதன் அடிப்பொருள்.

'டேக்' குடும்பத்தின் மிகப் பழைய பொருளுக்கும் ஒரு தடயம் உண்டு. ஜெர்மானிய மொழிகளுள் பழமையான கோதிக் மொழியில் இதற்கு இனமான வினை 'தொடு' என்ற பொருளில் வழங்கியது. தொடுவது, பிடிப்பது, எடுப்பது என்று பொருள் படிப்படியாக விரிந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மொழிகள் பெயர்ச்சொற்களை இலகுவாகக் கடன் வாங்கும். நம் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுச்சென்றவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. வக்கீலும் வசூலும் அரபிலிருந்து வந்தவை. பொருள் வந்தபோது பெயரும் கூடவே வந்தது. வினைச்சொல் அப்படி வருவதில்லை. பிறமொழி வினை ஒன்று தமிழுக்குள் வந்தால் பெரும்பாலும் 'பண்ணு' அல்லது 'செய்' என்ற ஊன்றுகோலோடுதான் வரும்: 'கோல் பண்ணு', 'டிசைட் பண்ணு'. ஆங்கிலமோ நோர்ஸ் மொழியிலிருந்து 'டேக்' என்ற அடிப்படை வினையை மட்டுமன்றி, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற சுட்டுப்பெயரையும் எடுத்துக்கொண்டது. தூரத்தே நின்று வணிகம் மட்டும் செய்தவர்களிடையே இது நடக்காது. ஒரே சந்தையில் வாங்கி, அடுத்தடுத்த நிலத்தை உழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களிடையேதான் நடக்கும்.

ஆங்கிலம் கலப்பற்ற, உயர்ந்த, நமக்கு எட்டாத மொழி என்று மிரளும் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. தன் அன்றாட வினையையே அயலாரிடம் வாங்கிய மொழி அது.

தா என்றால் எடு!

எங்கள் ஊரிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் பல நாடுகளில் வாழ்கிறார்கள். நோர்வேயில் வளரும் பிள்ளைகள் பேசும் நோர்வேஜிய மொழி பழைய நோர்ஸின் வாரிசு. அங்கே 'தாகா' சுருங்கி இன்று 'தா' ஆகிவிட்டது. 'தா' என்றால் அவர்கள் மொழியில் 'எடு'. ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை 'தா' என்று சொன்னால், அளவெட்டியிலுள்ள அம்மம்மா 'கொடு' என்றுதான் விளங்கிக்கொள்வார்! ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர்.

ஜெர்மனியில் வளரும் பிள்ளை 'எடு' என்பதை 'நிம்' என்று சொல்லும். இது 'நிமான்' என்ற பழைய ஆங்கில வினையின் உடன்பிறப்பு. இங்கிலாந்தில் தோற்றுப்போனது ஜெர்மனியில் இன்றும் அரசாட்சி செய்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாடுகளில் வளர்ந்தால், இந்த ஆயிரம் ஆண்டுக் கதையின் மூன்று முனைகளும் ஒரே முற்றத்தில் சந்திக்கும்.

'டேக்டு' என்று ஏன் சொல்லக்கூடாது?

இறந்தகாலத்துக்கு 'இட்' சேர்ப்பதுதானே விதி, பிறகு ஏன் 'டுக்' என்று மாணவிகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வினையின் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டுவது ஜெர்மானிய மொழிகளின் பழைய முறை. நோர்ஸில் 'தாகா' என்பதன் இறந்தகாலம் 'தோக்'. அந்த வினை ஆங்கிலத்துக்கு வந்தபோது தன் பழைய இறந்தகாலத்தையும் கூட்டிக்கொண்டே வந்தது. குலுக்கு என்று பொருள்படும் 'ஷேக்' 'ஷுக்' ஆவதும் இதே முறையில்தான். 'பேக்', அதாவது வெதுப்பு, என்ற வினையும் ஒருகாலத்தில் இதே அணியில் இருந்தது; பிறகு அணி மாறி 'இட்' சேர்த்துக்கொண்டது. அடிக்கடி வாயில் வரும் சொல் தன் பழைய வடிவத்தை எளிதில் விடாது. தமிழிலும் அப்படித்தான். 'வா' என்பது 'வந்தேன்' ஆகிறது, 'சா' என்பது 'செத்தேன்' ஆகிறது. நாம் அவற்றை விதியாகப் படிக்கவில்லை, கேட்டுப் பழகினோம்.

'டேக், டுக், டேக்கன்' என்ற மூன்றில் மூன்றாவதைப் பற்றி ஒரு சொல். 'டேக்கன்' தனியாக நிற்காது. அதற்கு முன்னே 'ஹாவ்' குடும்பமோ 'பீ' குடும்பமோ நிற்க வேண்டும். 'ஹாவ்' நின்றால் எடுத்திருக்கிறேன். 'வாஸ்' நின்றால் எடுக்கப்பட்டது. செய்தவளா, செய்யப்பட்டவளா என்பதை இந்தச் சிறிய துணைச்சொல்தான் காட்டுகிறது. இதைக் கீழே மறுபடி பார்ப்போம்.

எங்கே 'டேக்' வரும்?

முதலாவது, கொண்டு போதல். 'டேக்' பேசுபவரிடமிருந்து விலகிச் செல்லும். 'ப்ரிங்' பேசுபவரை நோக்கி வரும். நாம் 'கொண்டு போ', 'கொண்டு வா' என்று பிரிப்பதைப் போலத்தான். ஆளாக இருந்தால் நாம் 'கூட்டிக்கொண்டு போ' என்போம். ஆங்கிலத்தில் பொருளுக்கும் ஆளுக்கும் ஒரே 'டேக்'.

இரண்டாவது, மருந்து. நாம் பாணி மருந்தைக் குடிக்கிறோம், குளிசையைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டேக்'. குளிசைக்கு 'ட்ரிங்க்' என்று எழுதக்கூடாது.

மூன்றாவது, பயணம். மல்லாகத்துக்கு ரயிலில் போனேன் என்பதற்கு 'ரயிலை டுக்' என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். ரயிலை நாம் எடுப்பதில்லை, அதில் ஏறுகிறோம். ஆங்கிலத்தில் அது எடுப்பதாகிறது.

நான்காவது, நேரம். யாழ்ப்பாணத்தில் 'போய்ச்சேர ஒரு மணித்தியாலம் செல்லும்' என்போம். வேறு ஊர்களில் 'பிடிக்கும்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'இட் டேக்ஸ்' என்று தொடங்கி நேரத்தைச் சொன்னால் போதும்.

ஐந்தாவது, பரீட்சை. இலங்கையில் 'ஓ.எல். எடுத்தேன்' என்கிறோம், தமிழ்நாட்டில் 'தேர்வு எழுதினேன்' என்பார்கள். ஆங்கிலத்தில் பரீட்சைக்குத் தோற்றுவது 'டேக்' அல்லது 'சிட்'. இங்கே நம் வழக்கும் ஆங்கில வழக்கும் கைகோக்கின்றன.

ஆறாவது, இரட்டைச் சொற்கள். 'டேக் ஓஃப்' என்றால் சப்பாத்தைக் கழற்றுவது. பலாலியிலிருந்து விமானம் மேலெழுவதும் அதுவே. 'டேக் ஆஃப்டர்' என்றால் பிள்ளை தாயையோ தகப்பனையோ உரித்துவைத்ததுபோல் இருப்பது. 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பையோ நிலத்தையோ தன்வசப்படுத்துவது. 'டேக் பாக்' என்றால் திருப்பிக் கொடுப்பது, திரும்பப் பெறுவது, சொன்ன சொல்லை மீட்டுக்கொள்வது என்று மூன்று பொருளும் வரும். 'டேக் ப்ளேஸ்' என்றால் நடைபெறுவது. நம் பத்திரிகைகளில் 'கூட்டம் இடம்பெற்றது', 'விபத்து இடம்பெற்றது' என்று வாசிக்கும்போது இந்த ஆங்கிலத் தொடரின் சாயல் தெரிகிறது. தமிழுக்கு 'நடந்தது' என்ற அழகான சொல் எப்போதும் கைவசம் உண்டு.

ஏழாவது, 'டேக் கெயார்'. விடைபெறும்போது சொல்லப்படுவது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கவனம் எடு' என்று வரும். அப்படி எவரும் வழியனுப்புவதில்லை. 'கவனமாப் போட்டு வாங்கோ' என்பதே யாழ்ப்பாணத்து 'டேக் கெயார்'.

எங்கே 'டேக்' வராது?

மாணவிகளின் புள்ளிகள் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமிழில் 'எடு' வருவதால் ஆங்கிலத்திலும் 'டேக்' வரும் என்று எண்ணி எழுதுகிறார்கள்.

'கணிதத்தில் 85 புள்ளி எடுத்தேன்' என்பதற்கு 'டுக்' வராது, 'கொட்' வரும். பரீட்சையை 'டேக்' பண்ணலாம், புள்ளியைப் பண்ண முடியாது.

'மாமாவுக்குக் கோல் எடுத்தேன்' என்றால் நாம் அழைப்பதைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'டேக் எ கோல்' என்றால் வந்த அழைப்புக்குப் பதில் சொல்வது. பொருள் தலைகீழாகிவிடும். நாம் அழைப்பதற்கு 'மேக்' என்ற வினைதான் பொருந்தும்.

'பெருநாளுக்கு உடுப்பு எடுத்தோம்' என்பதை அப்படியே 'கடையிலிருந்து உடுப்பை டுக்' என்று எழுதினால், வாசிப்பவர் நீங்கள் காசு கொடுத்தீர்களா என்று சந்தேகப்படுவார். அங்கே 'போட்', அதாவது வாங்கினோம் என்ற சொல், கட்டாயம் வேண்டும்.

'பஸ் எடுக்கப் போகிறார்கள், கெதியாய் ஏறு' என்றால் பஸ் புறப்படப் போகிறது என்று பொருள். அதற்கும் 'டேக்' வராது. 'லீவ்' அல்லது 'ஸ்டார்ட்' வரும்.

பெரிய சொல் வேண்டுமா?

ஆங்கிலத்தில் நல்ல கட்டுரை எழுத வேண்டுமானால் நீளமான, கடினமான சொற்கள் வேண்டும் என்று பெற்றோரும் பிள்ளைகளும் நம்புகிறார்கள். அதற்காகச் சொற்பட்டியல்களை மனனம் செய்கிறார்கள். இந்த இடத்தில் என் ஊர்க் கவிஞர் ஒருவரை நினைவுகூர வேண்டும். 1927 இல் அளவெட்டியில் பிறந்து 1971 இல் மறைந்த உருத்திரமூர்த்தியை 'மஹாகவி' என்ற புனைபெயரால் தமிழுலகம் அறியும். பேச்சில் வழங்கும் எளிய சொற்களைக் கவிதைக்குள் கொண்டுவந்து, சாதாரண மனிதரின் வாழ்வைப் பாடியவர் அவர். அவர் மறைந்த பின் அவரது கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர்களுள் முதன்மையானவர் கல்முனை தந்த மொழியியலாளரும் கவிஞருமான எம்.ஏ. நுஃமான். அளவெட்டிக்கும் கல்முனைக்கும் இடையே எளிய சொல் கட்டிய பாலம் அது. கவிதைக்கே அன்றாடச் சொல் போதுமென்றால், பரீட்சைத் தாளின் ஒரு பக்கக் கட்டுரைக்கும் போதும். 'டேக்', 'கெற்', 'கிவ்', 'மேக்', 'கீப்', 'புட்' ஆகிய ஆறு வினைகளையும் அவற்றின் துணைச்சொற்களோடு நன்றாக அறிந்தவள் ஆங்கிலத்தில் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடுவாள்.

எடுத்துச் சென்றதும் எடுக்கப்பட்டதும்

வினைச்சொல்லைச் சரியாக அறிவது புள்ளிக்காக மட்டும் அல்ல. எங்கள் மாணவிகள் சிலரின் உம்மாமாரும் வாப்பாமாரும் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் அதன் சுற்றாடலிலும் பிறந்தவர்கள். 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள், 70,000 இற்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30 ஆம் திகதி நடந்தது. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம்.

இதை ஆங்கிலத்தில் எழுதும் ஒரு மாணவி 'தே லெஃப்ட்' என்று எழுதினால், 'அவர்கள் வெளியேறினார்கள்' என்று பொருள். தாமாகவே விரும்பிப் போனதுபோல் ஆகிவிடும். 'வெளியேற்றப்பட்டார்கள்' என்பதற்கு வேறு வினை வடிவம் வேண்டும். தமிழில் 'வெளியேறினர்', 'இடம்பெயர்ந்தனர்', 'வெளியேற்றப்பட்டனர்' என்ற மூன்றும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அந்த வேறுபாட்டைக் காட்டத் தெரிய வேண்டும்.

'டேக்' என்ற வினையையே வைத்துப் பார்க்கலாம். 'டுக் வித் தெம்' என்றால் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். 'வாஸ் டேக்கன் ஃப்ரொம் தெம்' என்றால் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. முதலாவதில் அவர்கள் எழுவாய்; ஒரு பையும் சில உடுப்புகளும் அங்கே செயப்படுபொருள். இரண்டாவதில் வீடும் கடையும் நகையும் எழுவாயாக வந்து நிற்க, எடுத்தவர் யார் என்ற கேள்வி வசனத்தின் வாசலில் நிற்கும். விடை சொல்ல வேண்டுமானால் 'பை' என்ற சிறு சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும். எழுதாமலும் விடலாம். எழுதுவதா விடுவதா என்பதை எழுதுபவள் அறிந்து செய்ய வேண்டும். இலக்கணம் தெரியாததால் விடுபட்டுப் போகக்கூடாது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது என் குடும்பமும் அளவெட்டியை விட்டுப் புறப்பட்டது. சைக்கிளில் அரிசிப் பையையும் காணி உறுதியையும் கட்டி எடுத்துச் சென்றோம். திகதி ஒன்றானாலும் இரண்டு நிகழ்வுகளும் ஒன்றல்ல. வலிகாமத்தவரில் பலர் சில மாதங்களில் திரும்பத் தொடங்கினார்கள். முஸ்லிம் குடும்பங்கள் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது, திரும்பாதவர்களும் பலர். இந்த வேறுபாட்டையும் வசனத்தில் காட்ட வேண்டும். காட்டுவதற்கு வேண்டியவை பெரிய சொற்கள் அல்ல. சரியான வினை, சரியான காலம், 'வித்', 'ஃப்ரொம்', 'பை' போன்ற மூன்று சிறு சொற்கள்.

எப்படிப் படிக்கலாம்?

சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்வார்கள். தெரியாதவனை வெட்டும் வாள். அந்தப் பயம் நம் வீடுகளிலும் உண்டு. அதற்காகப் பெற்றோர் வகுப்புக்கு மேல் வகுப்பாகக் கட்டணம் கட்டுகிறார்கள். நான் சொல்லும் வழிக்கு ஒரு கொப்பி போதும்.

ஒரு வினைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே மூன்று வடிவங்களையும் எழுதுங்கள். நடுவே கோடு போட்டு ஒரு தமிழ்ச் சொல்லை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக அந்த வினை எந்தச் சொல்லோடு வந்ததோ அந்தத் தொடரை முழுதாக எழுதுங்கள். எதிரே, உங்கள் உம்மா அதையே எப்படிச் சொல்வார் என்று வீட்டுத் தமிழில் எழுதுங்கள். பத்திரிகையிலோ கதையிலோ புதிதாக ஒன்று கண்டால் அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவு அந்தப் பக்கத்தைப் பார்த்து, "இதை நாங்கள் எப்படிச் சொல்வோம்?" என்று கேட்டால் போதும். பாதி விடை அவர்களிடம் இருக்கிறது.

பயிற்சி

கீழே உள்ளவற்றுள் எவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டேக்' வரும், எவற்றுக்கு வராது?

1. சாப்பிட்ட பிறகு குளிசை போடு.
2. ராத்தாவுக்குக் கோல் எடு.
3. தங்கச்சியைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போ.
4. எனக்குப் பசி எடுக்கிறது.
5. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா.
6. ஆங்கிலத்தில் 72 புள்ளி எடுத்தாள்.
7. போய்ச்சேர இரண்டு மணித்தியாலம் செல்லும்.
8. அவள் உம்மாவை உரித்துவைத்ததுபோல் இருக்கிறாள்.

1, 3, 5, 7, 8 ஆகியவற்றுக்கு வரும். 2, 4, 6 ஆகியவற்றுக்கு வராது. தமிழில் 'எடு' இருக்கும் மூன்றிலும் ஆங்கிலத்தில் 'டேக்' இல்லை, 'எடு' இல்லாத ஐந்திலும் 'டேக்' இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பதாவது கேள்வி வீட்டில் கேட்க வேண்டியது. உம்மாவிடமோ வாப்பாவிடமோ மூத்தம்மாவிடமோ, ஊரை விட்டு எப்போதாவது புறப்பட நேர்ந்தபோது எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள், எதை எடுக்க முடியவில்லை, எது எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு 'டுக்', 'குட் நொட் டேக்', 'வாஸ் டேக்கன்' என்ற மூன்று வடிவங்களையும் பயன்படுத்தி ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஐந்து வசனம் போதும்.